வெடிப்புக்கு முன் வீசும் காற்று



பெருவிண்மீன்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே அது அவற்றின் சாவில் போய்த்தான் நிற்கிறது. சூப்பர்நோவா வெடிப்பு, அதில் மிஞ்சும் நியூட்ரான் விண்மீன், இல்லையென்றால் கருந்துளை என்று பாடநூலும் பத்திரிகையும் அந்தக் கடைசிக் காட்சியையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அந்த விண்மீன் உயிரோடிருந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் தன்னைச் சுற்றியிருந்த வெளியை என்ன செய்தது என்று கேட்பவர்கள் குறைவு. அது சும்மா எரிந்துகொண்டிருக்கவில்லை. தன் மேற்பரப்பிலிருந்து நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாமல் வாயுவை வெளியே வீசிக்கொண்டிருந்தது. இதைத்தான் விண்மீன்காற்று என்கிறோம். மொத்த ஆற்றலை எடுத்துப் பார்த்தால் இந்தக் காற்று பெரும்பாலும் வெடிப்பைவிடச் சிறியதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது முன்னால் வருகிறது, நெடுங்காலம் நிற்கிறது. பின்னால் வரும் வெடிப்பு எந்தத் திசையில், எவ்வளவு தொலைவு, எவ்வளவு பிரகாசமாகப் பரவும் என்பதில் அதற்குக் கணிசமான பங்கு இருக்கிறது. இன்று நான் நிறுவ விரும்புவது இது ஒன்றைத்தான். அதற்கான சான்றுகளில் சிறந்தவை நம் தெற்கு வானத்திலேயே இருக்கின்றன.

மாசி மாதத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கு நோக்கி நில்லுங்கள். பளிச்சென்று தெரியும் அகத்தியர் விண்மீனுக்குக் கிழக்கே, அதைவிடச் சற்று உயரத்தில் இருப்பது வேலா என்னும் பாய்மரக் கூட்டத்தைச் சேர்ந்த காமா விண்மீன். இங்கே கும்மிடிப்பூண்டியில் அது அடிவானத்திலிருந்து அதிகபட்சம் 29 பாகை ஏறும். திருவள்ளூரிலும் ஏறத்தாழ அதே உயரம்தான். இங்குள்ளவர்களுக்குத் தெற்கு என்றால் மீஞ்சூர், எண்ணூர், மணலி, அதற்கப்பால் சென்னை. அதாவது புகையும் விளக்கொளியும் மிகுந்த திசை. வானம் பார்க்க இதைவிட மோசமான திசையைத் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் இரண்டாம் தரப் பிரகாசம் உள்ள விண்மீன் என்பதால் வெறுங்கண்ணுக்குத் தப்பாது. பழவேற்காட்டுக் கரைக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தாலும் அங்கே ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள் இருக்கின்றன. ஒன்று சூரியனைப்போல் சுமார் முப்பது மடங்கு எடையுள்ள நீல விண்மீன். மற்றது ஒன்பது மடங்கு எடையுள்ள வுல்ஃப்-ராயே வகை விண்மீன். பிறந்தபோது அதன் எடை இதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருந்திருக்க வேண்டும். மேலடுக்குகளை எல்லாம் இழந்து, உள்ளே சமைத்த கார்பன் மேற்பரப்பில் தெரியும் நிலைக்கு வந்துவிட்ட முதிய விண்மீன் அது. தொலைவு சுமார் 1,100 ஒளியாண்டு. இவ்வகையில் நமக்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

இந்த வகை விண்மீன்களை 1867-ல் பாரிஸ் வானாய்வகத்தில் வுல்ஃப், ராயே என்ற இருவர் சிக்னஸ் கூட்டத்தில் கண்டுபிடித்தனர். பிற விண்மீன்களின் நிறமாலையில் கருங்கோடுகள் தெரியும். இவற்றில் அகன்ற ஒளிர்கோடுகள் தெரிந்தன. காமா வேலாவும் அதே இனம் என்பது தெரியவந்ததில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. 1871 டிசம்பர் 12 அன்று புதுக்கோட்டை வழியாகச் சென்ற முழுச் சூரிய கிரகணத்தைக் காண வந்திருந்த இத்தாலிய வானியலாளர் லொரென்சோ ரெஸ்பிகி, அந்தப் பயணத்தின்போது மதராஸிலிருந்து இந்த விண்மீனின் ஒளிர்கோடுகளைக் கண்டார். கோடுகள் ஏன் அவ்வளவு அகலம் என்பதற்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1929-ல் கனடாவின் பீல்ஸ், விண்மீனிலிருந்து எல்லாத் திசையிலும் அணுக்கள் பெருவேகத்தில் பாய்கின்றன, நம்மை நோக்கி வருபவையும் விலகிப் போகிறவையும் சேர்ந்தே கோட்டை அகலமாக்குகின்றன என்றார். 1934-ல் சுப்பிரமணியன் சந்திரசேகர் இந்தக் கருதுகோளைக் கணிதத்தில் வைத்து, அப்படிப் பாயும் அணுக்கள் எத்தகைய கோட்டு வடிவத்தைத் தரும் என்று ஆராய்ந்தார். வெள்ளைக்குறுமீன் எடை வரம்புக்காக அவரைக் கொண்டாடும் நாம் இந்தக் கட்டுரையை அநேகமாக மறந்தே போனோம். 1967-ல் வானியலாளர்கள் கணேஷும் வைணு பாப்புவும் காமா வேலாவின் சுற்றுப்பாதையை நிறமாலை கொண்டு கணித்துக் கொடைக்கானல் வானாய்வகத்தின் வெளியீட்டில் அச்சிட்டனர். ஒரு சுற்றுக்கு 78.5 நாள் என்ற அவர்களின் முடிவு இன்றைய அளவீட்டோடு ஒத்துப்போகிறது. பாப்புவுக்கு இவ்வகை விண்மீன்கள் மீது வாழ்நாள் முழுதும் ஈடுபாடு இருந்தது. காவலூரில் அவர் வானாய்வகம் அமைத்ததற்கான காரணங்களில், தென்கோடி வானம் அங்கிருந்து நன்றாகத் தெரியும் என்பதும் ஒன்று.

இந்தக் காற்றைத் தள்ளுவது எது? நம் சூரியனுக்கும் காற்று உண்டு. அதன் வெளிமண்டலம் பத்து லட்சம் பாகைக்கு மேல் சூடாக இருப்பதால் வாயு தானே வழிந்தோடுகிறது. பெருவிண்மீனில் அந்த வேலையை ஒளியே செய்கிறது. ஒளியை விழுங்கும் அணு அதன் உந்துதலையும் வாங்கிக்கொள்கிறது. குறிப்பிட்ட அணுக்கள் குறிப்பிட்ட நிறங்களை மட்டுமே விழுங்குவதால் இந்த உந்துதல் சில அணுக்களின் மீதே குவியும் என்பதை மேகநாத் சாஹா தம் இளமையிலேயே எழுதினார். 1917-ல் அவர் அனுப்பிய நீண்ட கட்டுரை, அச்சுச் செலவை ஏற்க ஆளில்லாமல் அமெரிக்க ஆய்விதழில் கிடப்பில் கிடந்தது. 1919-ல் சிறு குறிப்பு ஒன்றே வெளிவந்தது. பிறகு மில்ன் என்ற வானியலாளர் இன்னொரு படி சென்றார். அணு நகரத் தொடங்கியதும் டாப்ளர் விளைவால் அது விழுங்கும் நிறம் சற்று இடம் மாறுகிறது. அங்கே இன்னும் யாரும் தொடாத ஒளி காத்திருக்கிறது. ஆகவே வேகம் கூடக்கூட அதற்குப் புதுப்புது ஒளி கிடைத்துக்கொண்டே போகிறது. 1975-ல் காஸ்டர், ஆபட், கிளைன் மூவரும் இதை முழுக் கோட்பாடாக்கினர். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றோடு இரும்பும் இந்த வேலையைச் செய்கிறது. வுல்ஃப்-ராயே விண்மீன்களில் காற்றைக் கிளப்பிவிடும் முதல் கை இரும்பின் கைதான். அணு எண்ணிக்கையில் அது சொற்பம். ஆனால் அதற்கு இருக்கும் ஆயிரக்கணக்கான நிறமாலைக் கோடுகள், கப்பலுக்குப் பாய் விரித்தாற்போல், ஒளியைப் பிடித்துக்கொள்கின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகளில் ஓடும் அதே உலோகம் ஒரு விண்மீனின் எடையையே குறைக்கக்கூடியது.

காற்று இருப்பதை நேரடியாகப் பார்க்க வளிமண்டலத்துக்கு மேலே போக வேண்டியிருந்தது. புறஊதா ஒளி தரைக்கு வந்து சேராது. 1960-களில் டொனால்ட் மார்ட்டன் ராக்கெட்டில் கருவி ஏற்றி ஓரியன் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களின் புறஊதா நிறமாலையைப் பதிவு செய்தபோது, அவற்றிலிருந்து வாயு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறுவது தெரிந்தது. வுல்ஃப்-ராயே போன்ற விதிவிலக்குகள் மட்டுமின்றி, சாதாரண வெப்பப் பெருவிண்மீன்களும் காற்று வீசுகின்றன என்பது அதிலிருந்துதான் உறுதியானது. புறஊதா ஒளியில் வானத்தைப் பார்க்கும் நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்டது பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. இங்கிருந்து ராக்கெட் கிளம்புவதை வேடிக்கை பார்க்கும்போது அதில் என்ன போகிறது என்றும் கேட்டு வைப்பது நல்லது.

இனி அளவைப் பார்ப்போம். காமா வேலாவின் முதிய விண்மீன் ஆண்டொன்றுக்கு இழக்கும் வாயு, சூரிய எடையில் தோராயமாக லட்சத்தில் ஒரு பங்கு. அது மூன்று பூமிகளின் எடை. சூரியன் இழப்பதைப்போல் பல கோடி மடங்கு. வேகம் நொடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர். இந்த வாயு தடையின்றி ஓடினால் ஒரு ஒளியாண்டைக் கடக்க இருநூறு ஆண்டு ஆகும். ஆனால் விண்மீன்களுக்கிடையே உள்ள இடம் வெற்றிடம் கிடையாது. கன சென்டிமீட்டருக்கு ஒரு அணு என்ற அளவிலாவது அங்கே வாயு இருக்கிறது. அந்த வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சில கிலோமீட்டர்தான். எனவே வரும் காற்றுக்கு அதனால் வழிவிட்டு விலக முடியாது. மோதுகிறது, வாரப்படுகிறது, திரள்கிறது. 1975-ல் காஸ்டர், மெக்ரே, வீவர் மூவரும், 1977-ல் விரிவாக வீவரும் பிறரும் இந்த மோதலின் அமைப்பை வரைந்தனர். நடுவில் தடையின்றி ஓடும் காற்று. அடுத்து அது திடீரென்று தடைபட்டு, வேகத்தின் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக மாறி, கோடிக்கணக்கான பாகை சூடேறும் அதிர்வலை. அதற்கப்பால் சூடான, மிக மெலிந்த வாயு நிரம்பிய பெருங்குமிழி. எல்லாவற்றுக்கும் வெளியே, சுற்றுப்புறத்திலிருந்து வாரிச் சேர்த்த வாயுவாலான மெல்லிய, குளிர்ந்த ஓடு. காற்று நேராக ஓட்டைத் தள்ளுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடையிலுள்ள சூடான வாயுவின் அழுத்தமே தள்ளுகிறது.

இந்தக் கோட்பாட்டின் ஒரு விளைவு என் வாதத்துக்கு அடித்தளம். குமிழியின் ஆரம், காற்றின் ஆற்றலுக்கு ஐந்தாம் மூலமாகவே கூடுகிறது. காலத்துக்கோ ஐந்தில் மூன்று அடுக்காகக் கூடுகிறது. சூத்திரத்தை விட்டுவிட்டுச் சொன்னால், காற்று இருமடங்கு காலம் வீசினால் குமிழியின் ஆரம் ஒன்றரை மடங்காகும். அதே ஒன்றரை மடங்கை அதே காலத்துக்குள் பெற வேண்டுமானால் காற்றின் வலிமை எட்டு மடங்காக வேண்டும். அதாவது இந்த வேலையில் வலுவைவிட நீடிப்புக்கே மதிப்பு அதிகம். நடுத்தர வலுவுள்ள காற்று சாதாரண அடர்த்தியுள்ள வாயுவில் பத்து லட்சம் ஆண்டு வீசினால் ஏறத்தாழ தொண்ணூறு ஒளியாண்டு ஆரமுள்ள குமிழி உருவாகும்.

இங்கே முதல் ஆட்சேபம் எழுகிறது, அது வலுவானது. இந்தக் கணக்கு, சூடான வாயு தன் ஆற்றலை இழக்காமல் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி இருந்தால் குமிழிகள் எக்ஸ் கதிரில் பளிச்சென்று தெரிய வேண்டும். தேடிப் பார்த்ததில் வுல்ஃப்-ராயே விண்மீன்களைச் சுற்றியுள்ள வளைய நெபுலாக்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றில்தான் பரவிய எக்ஸ் ஒளி கிடைத்தது. பெருநாய்க் கூட்டத்தில் முழுநிலவைவிடப் பெரிதாக விரிந்திருக்கும் எஸ் 308, சிக்னஸ் கூட்டத்தின் பிறை நெபுலா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அவற்றிலும் எதிர்பார்த்த ஒளியைவிட மிகக் குறைவு. வெப்பநிலையும் எதிர்பார்த்த சில கோடிப் பாகைக்கு எதிராகச் சில பத்து லட்சம் பாகையில் நிற்கிறது. அப்படியானால் ஆற்றல் எங்கே போயிற்று? ஓடு முழுமையான கோளமாக இருப்பதில்லை. சுற்றியுள்ள மேகம் கட்டியும் ஓட்டையுமாக இருப்பதால் சூடான வாயு விரிசல்கள் வழியே கசிந்துவிடுகிறது. எல்லையில் சூடான வாயுவும் குளிர்ந்த வாயுவும் சுழன்று கலக்கும்போது ஆற்றல் கதிர்வீச்சாகக் கரைகிறது. கொந்தளிக்கும் மேகங்களை வைத்துச் செய்த 2021-ஆம் ஆண்டு கணினி ஆய்வுகள், ஆற்றலின் பெரும்பகுதி இப்படியே போய்விடுகிறது என்று காட்டுகின்றன. இதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் ஏற்றுக்கொண்டாலும் என் வாதம் உடையவில்லை. வெப்ப ஆற்றல் முழுவதும் தொலைந்தாலும் உந்தம் தொலையாது. உந்தம் மட்டுமே தள்ளும் நிலையில் இருமடங்கு காலம் தரும் ஆர வளர்ச்சியைப் பெற நான்கு மடங்கு விசை வேண்டும். எட்டு நான்காகிறது, அவ்வளவே. காலம்தான் இன்னும் மேலோங்கி நிற்கிறது. குமிழி சிறியதாகும், மெதுவாக வளரும், ஆனால் இல்லாமல் போகாது.

இரண்டாவது ஆட்சேபத்தை வேலா வானமே எழுப்புகிறது: அங்கே தெரியும் ஓடுகள் காற்றின் வேலைதானா? 1950-களில் ஆஸ்திரேலிய இளைஞர் காலின் கம் அங்கே ஒரு மாபெரும் ஒளிர்மேகத்தைக் கண்டறிந்தார். வானில் அதன் குறுக்களவு சுமார் 36 பாகை, எழுபது முழுநிலவுகளை வரிசையாக அடுக்கும் அகலம். அது அவ்வளவு மங்கலானது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கம் 1960-ல் பனிச்சறுக்கு விபத்தில் இறந்துபோனார். அவர் பெயர் தாங்கும் நெபுலாவின் தோற்றம் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. பழைய சூப்பர்நோவாவின் எச்சம் என்பார் உண்டு, காற்றுக்குமிழி என்பாரும் உண்டு. அதே திசையில் காமா வேலாவைச் சுற்றி இன்னொரு தூசி ஓடு இருப்பதை ஐராஸ் செயற்கைக்கோளின் அகச்சிவப்பு வரைபடங்களைக் கொண்டு எம். எஸ். சாஹு 1992-ல் காட்டினார். ஆரம் சுமார் இருநூறு ஒளியாண்டு, திரட்டிய எடை பத்து லட்சம் சூரியன் என்ற அளவில், விரிவு நொடிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். இந்த ஓட்டின் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால், ஒரு முழு சூப்பர்நோவாவின் ஆற்றலுக்குச் சமமாக வருகிறது. காமா வேலா வுல்ஃப்-ராயே நிலையில் மூன்று லட்சம் ஆண்டு வீசும் காற்றின் மொத்த ஆற்றல் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதிலும் ஓட்டைத் தள்ளப் பயன்படுவது, கசிவே இல்லாவிட்டாலும் ஐந்தில் ஒன்று. அதன் இளமைக்காலக் காற்றையும் துணைவிண்மீனின் காற்றையும் சேர்த்தாலும் கணக்கு நேராகாது. ஆகவே இந்த ஓட்டைக் காமா வேலா தனியாக ஊதிப் பெருக்கியது என்று சொல்பவர் கணக்குப் பார்க்காதவர். அதே சுற்றுவட்டாரத்தில் முன்பு பிறந்து வெடித்துப்போன விண்மீன்களும் சேர்ந்தே அதைச் செய்திருக்க வேண்டும். கையா செயற்கைக்கோளின் அளவீடுகளைக் கொண்ட 2019 ஆய்வும், அங்குள்ள இளம் விண்மீன்கள் விலகிச் செல்லும் விதத்தைப் பார்த்து, பழைய வெடிப்பொன்றின் பக்கமே சாய்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் ஒளியின் பெயரால் வருவது. பெருவிண்மீனின் புறஊதா ஒளி சுற்றியுள்ள ஹைட்ரஜனைப் பிளந்து பத்தாயிரம் பாகைக்குச் சூடாக்குகிறது. அந்த வாயுவின் அழுத்தமே மேகத்தை அகற்றப் போதுமே, காற்று எதற்கு என்பார்கள். கம் நெபுலாவில் இதற்கு அழகான சான்றும் உண்டு. வால்மீனைப்போல் தலையும் நீண்ட வாலுமாக முப்பது வாயு உருண்டைகள் அங்கே இருக்கின்றன. தலைகள் எல்லாம் நடுவை நோக்கியும் வால்கள் வெளியேயும் நீள்கின்றன. பெங்களூர் ராமன் ஆய்வுக்கழகத்தின் ஸ்ரீதரன் 1992-ல் மில்லிமீட்டர் அலையில் அவற்றின் வேகத்தை அளந்து, அவை நொடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் நடுவிலிருந்து விலகுவதாகக் காட்டினார். தலைகளின் விளிம்பு ஒளிர்வது ஒளி அவற்றை ஆவியாக்குவதற்கு அடையாளம். இங்கே செதுக்கியது பெரும்பாலும் ஒளிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளி சூடாக்கிய வாயு அந்த இடத்திலேயே நிரம்பி நிற்கும். அதை வெளியே ஒதுக்கி, நடுவைக் கன சென்டிமீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு அணு என்ற அளவுக்கு வெறுமையாக்கக்கூடியது காற்றுதான். ஒளிக்கும் காற்றுக்கும் போட்டி வைத்து யார் பெரியவர் என்று கேட்பதைவிட, அந்த வெறுமை எங்கே இருக்கிறது, அது பின்னால் என்ன செய்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

அதற்கும் வேலாதான் இடம். சுமார் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெருவிண்மீன் வெடித்தது. அதன் எச்சத்தின் நடுவே துடிக்கும் பல்சர் 1968-ல் கண்டுபிடிக்கப்பட்டது. எச்சம் சீரான வட்டமாக இல்லை. வடகிழக்குப் பக்கம் ஒருவிதமாகவும் தென்மேற்குப் பக்கம் வேறுவிதமாகவும் இருக்கிறது. வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கிளம்பியிருந்தால் இந்தக் கோணல் ஏன்? 2011-ல் சுஷ்ச், ஹ்னாதிக், நெரோனோவ் மூவரும் ஒரு விடை தந்தனர். வெடிப்பு இரண்டு மாறுபட்ட சூழல்களின் எல்லையருகே நிகழ்ந்தது. வடகிழக்கில் அதிர்வலை சந்தித்து ஆவியாக்கிய மேகங்களின் சராசரி அடர்த்தி தென்மேற்கைப்போல் நான்கு மடங்கு. அந்த எல்லையை அங்கே வைத்தது காமா வேலா ஊதிய காற்றுக்குமிழியாக இருக்கலாம். குமிழியின் அளவும் இயக்கமும் பிறப்பில் 35 சூரிய எடை கொண்ட விண்மீனுக்கான கணிப்புகளோடு பொருந்துகின்றன என்பது அவர்கள் வாதம். இது ஒரு மாதிரிக் கணிப்பே, இறுதித் தீர்ப்பு ஆகாது. எச்சம், காமா வேலா இரண்டின் தொலைவுகளும் இன்னும் துல்லியமாக அளக்கப்பட வேண்டும். ஆனாலும் இது சொல்லும் செய்தி தெளிவானது. ஒரு விண்மீனின் காற்று, அடுத்த வீட்டு விண்மீனின் வெடிப்பு எந்த வடிவில் பரவ வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்கக்கூடும். ஆற்றலை மட்டும் ஒப்பிட்டுக் காற்றை ஒதுக்கிவிடுபவர்களின் கணக்கில் இது எங்கும் வராது.

காமா வேலாவின் முதிய விண்மீனும் ஒருநாள் வெடிக்கும். வுல்ஃப்-ராயே நிலை சில லட்சம் ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதில்லை. அதைச் சுற்றி எஸ் 308 போன்ற பளிச்சென்ற வளையம் இப்போது தெரிவதில்லை. வாரித் திரட்ட அருகில் வாயு அதிகம் மிஞ்சவில்லை என்பதற்கு அது பொருந்தும் அடையாளம். வெடித்துச் சிதறும் பொருள் நொடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் என்றும், குமிழியின் சுவர் நூறு ஒளியாண்டு தள்ளி இருக்கும் என்றும் வைத்துக்கொண்டால், அது சுவரைத் தொட மூவாயிரம் ஆண்டு ஆகும். அதுவரை மோதுவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இருக்காது. வெடித்த சில மாதங்களுக்கு விண்மீன் பேரொளியாகத் தெரிந்து மங்கிவிடும். எச்சமோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு எக்ஸ் கதிரிலும் ரேடியோவிலும் மிகவும் மங்கலாகவே கிடக்கும். சுவரை எட்டிய பிறகுதான் அது ஒளிரத் தொடங்கும். அப்போது ஒளிரும் அந்தச் சுவர், காற்று தன் காலம் முழுவதும் ஒதுக்கித் தள்ளிய வாயுவால் ஆனதாக இருக்கும்.